உப்பில்லாத இருபத்தோரு நாள்

முத்துவீரன் உப்பை விட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். ஏதோ அவன் உலகத்தையே துறந்துவிட்ட மாதிரி. துறந்தது உப்பை மட்டும்தான். கோபத்தை விடவில்லை, பெண்டாட்டியை அதட்டுவதை விடவில்லை, ஈரத்துண்டைக் கதவின் மேல் எறிவதையும் விடவில்லை. ஆனாலும் வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட அன்று மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, பொட்டிப்புரத்தில் அவன் எதிரே வந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இருபத்தோரு நாள் விரதம். ஒரு வேளைச் சோறு, அதிலும் உப்பு கூடாது. "எங்க வகையறாவுல தீச்சட்டி எடுத்தவுக ஒருத்தரும் உப்பத் தொட்டதில்ல" என்று அவனுடைய அம்மா இருளம்மாள் சொல்லிவிட்டாள். போட்டியில் ஜெயித்தால் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். ஜெயித்த பிறகு விரதம் இருந்தால் போதாதா என்று அவன் பெண்டாட்டி அய்யம்மாள் ஒருமுறை கேட்டாள். அம்மன் என்ன கடைக்காரியா, சாமானைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்க என்று மாமியார் திருப்பிக் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போட்டி என்றால் லேசுப்பட்ட போட்டி இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை வைத்திருக்கும் ஒரு முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தான். அங்கே மனிதர்கள் வேலைவெட்டி இல்லாமல் ஏரியில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, இறங்கின காலோடு ஓடவும் செய்வதைப் பார்த்தானாம். நம் மாவட்டத்திலும் நடத்தியே தீருவேன் என்று கிளம்பிவிட்டான். வைகை அணையில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். அங்கிருந்து தேனி வழியாகக் கம்பம் புதுப்பட்டி வரை போய்த் தேனிக்கே திரும்புகிற தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். பிறகு தேனியிலிருந்து சின்னமனூர் எல்லை வரை இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். அந்த நாட்டில் வெயில் தாழ்ந்த மாதம் பார்த்து வைப்பார்களாம். இந்தப் புண்ணியவானுக்குத் தோதுப்பட்டது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், மே மாதம் முதல் ஞாயிறு.

முதலில் வருகிறவனுக்கு ஆலையில் ஸ்டோர் வேலை, ஆலையின் விளையாட்டுக் குழுவில் இடம், குடியிருக்கக் குவார்ட்டர்ஸ். மற்றவர்கள் வேலை என்ற சொல்லைப் பார்த்தார்கள். அய்யம்மாள் குவார்ட்டர்ஸ் என்ற சொல்லை மட்டும் பார்த்தாள்.

கல்யாணமாகி நாலு வருஷம். முன்னால் தாழ்வாரமாக ஒரு பத்தி, ஒரு உள்ளறை, ஒரே அடுப்பு. அதில் மாமியார், மூத்தவரான முத்துவீரனின் அண்ணன், ஓரகத்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், இவர்கள் இருவர். இவர்கள் படுக்கிற மூலைக்கும் மற்றவர்கள் படுக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலை தொங்கியது. நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லையே என்று ஊரே அவளுடைய ஜாதகத்தைப் புரட்டியது. அந்தச் சேலையை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தனிக்குடித்தனம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். இவனுடைய கோபம்கூடக் கூட்டத்துக்கு முன்னால் காட்டுகிற கோபம்தான், தனியாக இருந்தால் இவ்வளவு வராது என்று நினைத்துக்கொண்டாள். ஏமாளித்தனம்தான். ஆனால் அவளிடம் இருந்த ஒரே ஆசை அது.

முத்துவீரன் ஜெயிக்கக்கூடியவன் என்பதில் சந்தேகமே இல்லை. விடிகாலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு போடிக்குப் பால் கொண்டுபோகிறவன், பத்து வருஷமாக எதிர்காற்றில் சைக்கிள் மிதித்த கால். பொட்டிப்புரத்துக் கிணறுகள் அத்தனையும் அவன் குதித்துப் பழகினவை. இரவல் வாங்கின கியர் சைக்கிளில் மத்தியானம் லோயர் கேம்ப் வரை போய்வந்து, அந்தச் சூட்டோடு தார் ரோட்டில் ஓடுவான். திரும்பி வந்து பனியனைக் கழற்றிப் போட்டால் அது விறைத்து நிற்கும். கறுப்புப் பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அய்யம்மாள் தினமும் அதைத் துவைத்தாள். இவ்வளவு உப்பு வெளியே போகிறதே, உள்ளே ஒரு கல்லும் போகவில்லையே என்று துவைக்கிற கல்லில் வைத்தே அவளுக்குத் தோன்றியது.

ஆறாம் நாள் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் புரண்டான். அய்யம்மாளின் அப்பா ஏர் மாடு வைத்திருந்தவர். நாளெல்லாம் உழுத மாட்டுக்குத் தவிட்டோடு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுத்தான் தண்ணீர் காட்டுவார். போடாவிட்டால் மாடு மண்ணை நக்கும். மாட்டுக்குக் கொடுப்பதை மனுஷனுக்குக் கொடுக்கக்கூடாது என்று எந்த அம்மனும் சொல்லியிருக்கமாட்டாள் என்று அவள் முடிவு கட்டினாள்.

ஒன்பதாம் நாள் பருப்பில் ஒரு சிட்டிகை போட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாளும் போட்டாள், பதினோராம் நாளும் போட்டாள். கால் இழுப்பது நின்றது. அன்றைக்கு ஓடிவிட்டு வந்தவன் வாசலில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டான்.

"ஆத்தா, அம்மன் என் கால்ல எறங்கிட்டா. இன்னைக்கு ரோடு தானா பின்னால போகுது."

இருளம்மாள் கண் கலங்கிக் கைகூப்பினாள். ஓரகத்தி ஓடிப்போய் அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள். அய்யம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம்தான் கையைக் கெடுத்தது. பன்னிரண்டாம் நாள் சிட்டிகை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஒரு வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். எவர்சில்வர் தட்டு அவளுடைய காதோரத்தில் வந்து மோதிய பிறகுதான் பருப்பு சிதறியதை அவள் பார்த்தாள். பிறகு அவன் கையால் அடித்தான். மூத்தவர் துண்டை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். இருளம்மாள் மட்டும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள், மருமகளுக்காக இல்லை.

"பன்னெண்டு நாளு! பன்னெண்டு நாளயும் மண்ணாக்கிட்டாளே பாவி! எத்தன நாளாடி போடுற?"

"இன்னைக்குத்தான் அத்தை. கை தவறிப் போச்சு."

அதற்கு முன்பும் மூன்று நாள் போட்டதைச் சொன்னால் உயிரோடு விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அம்மன் காலில் இறங்கியது எப்படி என்ற விஷயம் அவளோடேயே இருந்துவிட்டது.

பரிகாரம் என்னவென்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அய்யம்மாள் செருப்பில்லாமல் பொட்டிப்புரத்திலிருந்து வீரபாண்டிக்கு நடந்தாள். காது வீங்கி ஒரு பக்கம் கேட்கவில்லை. முல்லையாற்றில் தண்ணீர் மொண்டு நூற்றியோரு குடம் கோயில் கம்பத்துக்கு ஊற்றினாள். அறுபதாவது குடத்தில் உள்ளங்கால் கொப்புளங்கள் உடைந்தன. கடைசியாகச் சூடத்தை ஏற்றி அவள் உள்ளங்கைக்கு நேராக நீட்டினார்கள். முத்துவீரன் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள்.

"போட்டி முடியிற வரைக்கும் எம் மாமன் வாயில ஒரு கல்லு உப்புப் படவிடமாட்டேன். நானும் குடுக்கமாட்டேன், அடுத்தவுகளக் குடுக்கவும் விடமாட்டேன். விட்டா என் குடி நாசமாப் போகட்டும்."

சொல்லிவிட்டுச் சூடத்தைக் கையால் அறைந்து அணைத்தாள். தோல் கருகியது. அவனுக்கு அப்போதுதான் மனம் ஆறியது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் போட்டுக் கொடுத்தான், அவ்வளவு பெரிய மனசு.

போட்டியன்று அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தான். ஓடுகிற பாதையில் நாலைந்து இடத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். சீலையம்பட்டிப் பந்தலில் அவள் நிற்கவேண்டும். அங்கிருந்து முடிவுக்கோட்டுக்கு ஆறு கிலோமீட்டர்தான். "கடேசில மனுசன் தடுமாறுற எடம் அதுதான். கண்டதையும் கலக்கி வச்சிருப்பானுக. நீ வெறுந்தண்ணியோட நில்லு" என்றான். அம்மாவையும் அண்ணனையும் மாலையோடு சின்னமனூர் எல்லைக்கு அனுப்பினான்.

பந்தலில் மூன்று பிளாஸ்டிக் டிரம் இருந்தன. ஒன்றில் உப்புப் போட்ட மோர், ஒன்றில் சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். பொறுப்புக்கு ஜெஸ்லின் என்கிற நர்ஸ் பெண் நின்றாள். தேனியில் ஏதோ தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இந்த வேலைக்கு வந்திருந்தாள். அவளிடம் செல்போன் இருந்தது. பந்தலுக்குப் பந்தல் பேசிக்கொண்டார்கள்.

அய்யம்மாளுக்குப் போட்டி முழுக்க அந்தப் போனில்தான் நடந்தது. முத்துவீரன் அணையிலிருந்து மூன்றாவதாகக் கரையேறினான். புதுப்பட்டியில் திரும்பும்போது இரண்டாவது. எதிர்காற்றில் நாற்பது பேரில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்களாம். தேனியில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கும்போது அவன் முதல் ஆள். அடுத்தவன் வடுகபட்டித் தங்கபாண்டி, போலீஸ்காரன். ஏற்கெனவே அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், ஆலை வேலை அவனுக்கு எதற்கு? சும்மா கெத்துக்கு ஓடினான். அய்யம்மாளுக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மணி பன்னிரண்டை நெருங்கியது. ரோட்டில் தார் பளபளத்தது. ஜெஸ்லின் போனை வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்கயும் மோரத் தொடலையாம். ஒவ்வொரு பந்தல்லயும் வெறுந்தண்ணியாவே ரெண்டு பாட்டிலு மூணு பாட்டிலு குடிக்கிறாராம். வீரபாண்டில வாந்தி எடுத்தாராம். இது ஆகாது அக்கா."

"விரதம்மா. உப்பு சேக்கமாட்டாக."

"இன்னைக்கு மட்டுமா?"

"இருவது நாளாச்சு."

ஜெஸ்லின் அவளைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "வேர்வைல உப்பு போய்க்கிட்டே இருக்கும். மேல மேல தண்ணி ஊத்துனா மிச்சம் இருக்குறதும் நீர்த்துப் போகும். மூளை வீங்கிரும் அக்கா. உங்க அம்மன்கிட்ட நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கங்க, இன்னைக்கு ரெண்டு டம்ளர் மோரு உள்ள போகட்டும்."

அய்யம்மாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். புண் இன்னும் ஆறவில்லை. அந்தப் பெண் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரிந்த மாதிரி அந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் புரிந்திருக்காது. அவள்தான் பனியன் துவைத்தவள், அவள்தான் சிட்டிகை போட்டுப் பலனைக் கண்ணால் பார்த்தவள். புரியவில்லை என்று பிறகு அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவன் வந்தான். பாலத்தைத் தாண்டித் தெரிந்தபோது நேராகத்தான் ஓடுகிற மாதிரி இருந்தது. கிட்டே வரவர ரோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்வருவது தெரிந்தது. முகம் உப்பியிருந்தது. விரல்கள் தடித்திருந்தன. காப்புக் கயிறு மணிக்கட்டில் புதைந்து, சதை இரண்டு பக்கமும் பிதுங்கியது. பந்தலில் நின்று அவளைப் பார்த்தான்.

"ஆத்தா, தண்ணி" என்றான்.

ஆத்தா! நாலு வருஷத்தில் அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெஸ்லின் அதற்குள் மோர் டம்ளரை நீட்டிவிட்டாள். அவன் கை அதை நோக்கிப் போனது. அவன் சொல்லி அது போகவில்லை. புத்திக்குத் தெரியாததை உடம்பு தெரிந்துவைத்திருந்தது. டம்ளரைப் பிடித்தேவிட்டான், உதட்டுக்குக் கொண்டுபோனான்.

அய்யம்மாள் அந்தக் கையை ஓங்கி அடித்தாள். டம்ளர் ரோட்டில் உருண்டது.

"அதுல உப்பு இருக்கு மாமா. உப்பு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீக?"

அதை அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. பந்தலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள். சத்தியத்துக்குப் பயந்தது உண்மை. குவார்ட்டர்ஸ் கைநழுவிவிடும் என்று பயந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கையை அடித்தபோது அவளுக்கு இனித்தது, அதுவும் உண்மைதான். தட்டு காதில் மோதிய நாளிலிருந்து உள்ளே கிடந்து குமைந்தது எல்லாம் அந்த ஒரு அடியில் வெளியே வந்தது. அவன் அடிவாங்கின கையைப் பார்த்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தாள். குடித்தான். இன்னொன்றும் குடித்தான்.

"ஓடுங்க. போலீஸ்காரன் வந்துட்டான், ஓடுங்க!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஜெஸ்லின் டம்ளரைக் குனிந்து எடுத்தாள். அய்யம்மாளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேன்ல ஏறுங்க, பின்னாலயே போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

முடிவுக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவன் எதிரே வந்தான். ஆமாம், எதிரேதான். தேனியைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தான், சிரித்தபடி. தங்கபாண்டி அவனைத் தாண்டிச் சின்னமனூர்ப் பக்கம் போனான். போகும்போது திரும்பிப் பார்த்து, "ஏலே, அங்கன எங்கடா போற?" என்று கத்தினான். நிற்கவில்லை.

இரண்டு பக்கமும் கூட்டம். யாரோ அவன் தோளைப் பிடித்துத் திருப்பப் போனார்கள். ஜீப்பில் வந்த முதலாளி மகன் ஒலிபெருக்கியில், "தொடாதீங்க! தொட்டா அவரு போட்டியிலேர்ந்து அவுட்! ப்ளீஸ், யாரும் தொடாதீங்க!" என்றான். சட்டம் தெரிந்தவன். கூட்டமும் விலகி நின்றது. அவன் இன்னும் ஜெயிக்கலாமே என்ற நல்லெண்ணத்தில், ஒருத்தர் கையும் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

முத்துவீரன் நடு ரோட்டில் நின்றான். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. கண் மேலே சொருகியது. கைகால் வெடவெடவென்று ஆடியது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள், இருபதாம் நாள் விரதம். அதைப் பார்த்த ஊருக்கு என்ன தோன்றும்?

"சாமி வந்துருச்சு! அம்மன் எறங்கிட்டா!"

ஒரு கிழவி குலவை போட்டாள். உடனே நூறு பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வேப்பங்குலையை ஒடித்து அவன் கையில் திணித்தார்கள். கீழே விழுந்தவன்மேல் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், திறந்திருந்த வாய்க்குள்ளும் ஊற்றினார்கள். இருளம்மாள் மாலையோடு ஓடி வந்து, மகன் என்று பார்க்காமல் ரோட்டில் விழுந்து கும்பிட்டாள்.

"ஆத்தா, எம்மவனுக்கு வேல கெடைக்குமா? ஒரு வாக்குச் சொல்லு தாயே!"

அவள் கும்பிட்ட தாயின் வாயிலிருந்து நுரையும் தண்ணீரும் வந்தன.

"சாமி இல்லீங்க! வலிப்பு! தள்ளுங்க!" என்று ஜெஸ்லின் கூட்டத்துக்குள் முட்டிக்கொண்டு போனாள். "வேதக்காரப் பொண்ணுக்கு நம்ம சாமி என்ன தெரியும்" என்று இரண்டு பேர் அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவள் மறுபடியும் முட்டினாள். அய்யம்மாள் என்ன செய்தாள்? அவளும் குலவை போட்டாள். வலிப்பு என்று காதில் விழுந்தது. ஆனால் சாமியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சாமியாக இருந்தால் அவள் செய்தது சரி. தொண்டை கிழியும்வரை குலவை போட்டாள்.

கால் மணி நேரம் போன பிறகுதான், அவன் முகம் நீலம் பாய்ந்ததைப் பார்த்து, வேனுக்குத் தூக்க விட்டார்கள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தான். பிழைத்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர் மூத்தவரைக் கூப்பிட்டு, ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கி மூளை வீங்கிவிட்டது, பழையபடி ஆவது கஷ்டம் என்றார். மூத்தவர் வெளியே வந்து, "ஏதோ சோடியமாம்த்தா, மருந்துல குடுக்கணுமாம்" என்று அம்மாவிடம் சொன்னார். இருளம்மாளுக்குச் சோடியம் எதற்கு? அவளிடம் காரணம் தயாராக இருந்தது.

"இவ அன்னைக்குப் போட்ட உப்பு. கம்பத்துக்கு ஆயிரம் கொடம் ஊத்துனாலும் போகுமா அந்தத் தோசம்? எம்மவனத் தின்னுட்டா."

வார்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஊருக்கு வந்து தெருவெல்லாம் சொன்னாள். அய்யம்மாள் தலையைக் குனிந்து, "ஆமா, நான்தான்" என்று ஒத்துக்கொண்டாள். சோடியம் என்றால் உப்புதான் என்று வராண்டாவில் வைத்து ஜெஸ்லின் அவளிடம் சொல்லியிருந்தாள். உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் சீலையம்பட்டிப் பந்தல் வரைக்கும் உடைக்கவேண்டும். போட்ட உப்புக்குப் பழி சுமப்பது, தட்டிவிட்ட உப்பைச் சொல்வதைவிட லேசாக இருந்தது.

இன்னொரு செய்தியும் வந்தது. தங்கபாண்டி கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். அதனால் வேலையும் குவார்ட்டர்ஸும் இரண்டாவதாக வந்த கம்பம் ஊர்க் காலேஜ் பையனுக்குப் போய்விட்டன. அவன் முக்கால்வாசி தூரம் நடந்துதான் வந்தானாம். முத்துவீரன் பந்தலில் உட்கார்ந்து மோர் குடித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு நடந்து போயிருந்தால்கூட இரண்டாவதாக வந்திருப்பான்.

ஆவணியில் ஜெஸ்லின் பொட்டிப்புரத்துக்கே வந்துவிட்டாள். முத்துவீரனுக்குக் கைகாலை நீட்டி மடக்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சுவரோரம் உட்கார்த்தி வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். இருளம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். இந்தப் பாதகி போட்ட உப்பாலதான், நல்லாருந்த புள்ள.

"பாட்டிம்மா, யாரு சொன்னா உங்களுக்கு?" என்று ஜெஸ்லின் குறுக்கிட்டாள். "உப்புப் போட்டதால இல்ல. உப்பு இல்லாததாலதான் இப்படி ஆச்சு. சோடியம்னா உப்புதான். இருவது நாளு உப்பில்லாம, வெயில்ல ஓடி, வெறுந்தண்ணியாக் குடிச்சு ஒடம்புல உப்பு தீந்துபோச்சு. அந்தக்கா போட்ட உப்பு மருந்து மாதிரி. இன்னும் போட்டிருந்தா இவரு இப்ப நடப்பாரு."

இருளம்மாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். உப்பு வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவளுக்கு ஞாபகம் வர வெகுநேரம் ஆகவில்லை. எழுந்து வந்து அய்யம்மாளின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நாந்தான் கொன்னேன். பெத்தவ நானே கொன்னுட்டு உம்மேல போட்டேனே. நீ காப்பாத்தப் பாத்தியே ஆத்தா. அடிச்சப்பவும் வாயத் தொறக்கலயே." அவள் கிழவிதான், வன்மக்காரிதான், ஆனால் அந்த அழுகையில் பொய் இல்லை.

அய்யம்மாள் ஜெஸ்லினைப் பார்த்தாள். ஜெஸ்லினும் பார்த்தாள். பந்தலில் நடந்தது அந்த இரண்டு பேருக்கு நடுவே கிடந்தது. இப்போது சொல்லிவிடுவாள் என்று அய்யம்மாள் காத்திருந்தாள். சொல்லிவிட்டால் நிம்மதி என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஜெஸ்லின் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை வழியனுப்பப் போனவளிடம், "நான் சொல்லமாட்டேன் அக்கா. நீங்களும் சொல்லாதீங்க, அந்தம்மா தாங்காது" என்றாள். படியிறங்கிவிட்டுத் திரும்பினாள். "ஆனா அந்தக் கை மோருக்கு நீண்டது எனக்குத் தெனமும் தெரியுது."

அதற்குப் பிறகு இருளம்மாள் மருமகளை அதட்டவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. தெருத்தெருவாகப் போய்த் தன் வாயால் தன் பாவத்தைச் சொன்னாள். என் மருமகள் தெய்வம் என்றாள். உப்புப் போட்ட கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அய்யம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு தரம் மூட்டை கட்டினாள். இரண்டு தரமும் கிழவி சொம்பில் பாலைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா ஆத்தா என்று கேட்டாள். மூட்டை அவிழ்ந்தது.

ஐப்பசியில் இருளம்மாள் தன் கழுத்தில் கிடந்ததை விற்று, கொல்லையில் தனியாக ஓட்டுக்கொட்டகை ஒன்று போட்டாள். ஒரு அறை, ஒரு சமையலறை, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு. "நீ தனியா இருக்கணும்னு ஆசப்பட்டியாமே. இனிமே ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. நீயும் அவனும் மட்டும் இருங்க" என்றாள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். மூத்தவரும் ஓரகத்தியும் முத்துவீரனைத் தூக்கிவந்து பாயில் உட்கார்த்தினார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போன பிறகு அய்யம்மாள் கதவைச் சாத்தினாள்.

மத்தியானம் மோர் கரைத்து டம்ளரில் எடுத்துவந்தாள். மற்றவர்கள் யார் எதை நீட்டினாலும் வாயைத் திறக்கிறவன் அவன். அவள் நீட்டினாள். கை பாதி தூரம் வந்தது. பிறகு சட்டென்று பின்வாங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. டம்ளரைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்தான், அடி எப்போது விழும் என்று.

"குடிங்க மாமா."

குடிக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அப்போதும் அவன் அதைத் தொடவில்லை.

வெளியே இருளம்மாளின் குரல் கேட்டது. கதவைத் தட்டாமல், தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று தள்ளி நின்றே கேட்டாள். "நல்லா உப்புப் போட்டுக் குடுத்தியா ஆத்தா?"

"போட்டிருக்கேன் அத்தை" என்றாள் அய்யம்மாள்.